அணைந்த வழங்கிகளும் அகலாத ஆட்டக்காரர்களும்

2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மென்பொருள் பணியில் இருப்பவர்; எப்போதும் கலகலப்பாகப் பேசுகிறவர். அன்று முகம் வாடியிருந்தது. நெருங்கியவர் எவரேனும் காலமாகிவிட்டாரோ என்று தயங்கியபடி கேட்டேன். “ஊர் போயிடுச்சு சார்” என்றார். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பல ஆண்டுகளாக அவர் இரவு நேரங்களில் ஆடிவந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற இணைய விளையாட்டை அதன் உரிமையாளர்கள் நவம்பர் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கற்பனை மாந்தர்களுக்காகக் கண்ணீர் விடுவதை வகுப்பறையில் பாடமாக நடத்தும் ஒருவன், கற்பனை ஊர் ஒன்றுக்காக வருந்துபவரைப் பார்த்துச் சிரிக்க என்ன நியாயம் இருக்கிறது? அதன்பின் அவ்வப்போது இத்தகைய ஊர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். எப்படித் தோன்றின, எப்படித் தேய்ந்தன என்பதைக் காட்டிலும், தேயத் தொடங்கிய பின் அவற்றை மீட்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதே என்னை ஈர்த்தது. அந்த வாசிப்பிலிருந்து சில செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். வேடமேற்பு விளையாட்டு என்று இங்கே நான் குறிப்பிடுவது, பலர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவரோடொருவர் பேசியும் பழகியும் பகைத்தும் ஆடும் ஆட்டத்தை. கூத்தில் வேடம் கட்டுபவருக்குப் பார்வையாளர் உண்டு. இங்கே பார்வையாளர் என்று தனியே எவருமில்லை. வந்தவர் அனைவரும் வேடம் கட்டியவர்களே. ஆகவே நாவலுக்கு வாசகர் குறைவதும் இவ்வுலகுக்கு ஆள் குறைவதும் ஒன்றல்ல. வாசகர் எவரும் தொடாத நூலிலும் கதை முழுமையாக இருக்கிறது. ஆடுவோர் பாதியாகக் குறைந்த உலகில் கதையே பாதியாகிவிடுகிறது. மீதியிருப்பவரும் வெளியேற அதுவே காரணமாகிறது.

*

1986-இல் அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவும், பின்னாளில் அமெரிக்கா ஆன்லைன் எனப் பெயர் மாற்றிக்கொண்ட குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனமும் சேர்ந்து ‘ஹேபிடாட்’ என்ற உலகைச் சோதனை முறையில் இயக்கின. கமடோர் 64 என்னும் சிறு கணினியைத் தொலைபேசி இணைப்பில் பொருத்தி, நேரத்துக்குத் தக்கபடி காசு கொடுத்து ஆட வேண்டும். திரையில் ஆடுபவரின் உருவமாக நடமாடிய பொம்மைக்கு அதை வடிவமைத்த சிப் மார்னிங்ஸ்டார் ‘அவதார்’ என்று பெயரிட்டார். நம் அவதாரம்தான். இன்று உலகெங்கும் அச்சொல் இந்தப் பொருளில் பரவியிருப்பதில் ஹேபிடாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மார்னிங்ஸ்டாரும் அவருடன் பணியாற்றிய ராண்டி ஃபார்மரும் 1990-இல் தங்கள் அனுபவங்களைக் கட்டுரையாக்கினார்கள். இத்துறையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையானது அது என்பது என் எண்ணம். தங்கள் தோல்விகளை அவர்கள் மறைக்கவில்லை. அவற்றுள் ஒன்று, உறுப்பினர்களை மகிழ்விக்க அவர்கள் திட்டமிட்ட ஒரு புதையல் வேட்டை. நூறு பகுதிகள் கொண்ட ஒரு தீவையே புதிதாக உருவாக்கினார்கள். கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆனது. மக்கள் பல நாள் இதில் மூழ்கிக் கிடப்பார்கள் என்று நம்பினார்கள். முக்கியமான துப்பை முதல் பதினைந்து நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிட்ட ஒருவர், சுமார் எட்டு மணி நேரத்தில் புதிரை முழுதாக அவிழ்த்துவிட்டார். மற்றவர்களில் பலர் அப்போது தீவுக்குள் காலடிகூட வைத்திருக்கவில்லை.

வடிவமைப்பவரின் பல வார உழைப்பை ஆடுபவர் ஒரு பகலில் தின்று தீர்த்துவிடுகிறார். இந்தக் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. ஆனாலும் தேயும் உலகுகளை மீட்க முனைந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கையாண்ட வழி இதுவே: புதிய தீவு, புதிய பரிசு, புதிய அலங்காரம். திருவிழாவன்று கூட்டம் வரும். மறுநாள் பந்தக்கால் மட்டும் நிற்கும்.

அதே ஹேபிடாட்டில் யாரும் திட்டமிடாத வேறு சிலவும் நடந்தன. உறுப்பினர் ஒருவர் அவ்வுலகுக்கென ஒரு வாரச் செய்தித்தாள் நடத்தினார். வாரத்துக்கு இருபது முதல் நாற்பது மணி நேரத்தைத் தம் சொந்தப் பொழுதிலிருந்து செலவிட்டு, சில வேளை ஐம்பது பக்கம் வரையில் செய்தி, வதந்தி, கதை எல்லாம் எழுதி வெளியிட்டார் என்று ஃபார்மர் குறிப்பிடுகிறார். ஊதியம் எதுவுமில்லை. நம்மூர்ச் சிற்றிதழ் ஆசிரியர்களை அறிந்தவர்களுக்கு இந்த மனிதரை உடனே அடையாளம் தெரிந்துவிடும்! நிஜ வாழ்க்கையில் மத குருவாக இருந்த வேறொருவர் அங்கே ஒரு திருச்சபை தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் ஆயுதம் ஏந்தவோ களவு செய்யவோ கூடாது. அதற்குத் தேவையும் இருந்தது. ஹேபிடாட்டில் ஒரு அவதாரை இன்னொருவர் சுட்டு வீழ்த்தவும், கையிலிருப்பதைப் பறிக்கவும் முடியும். இது குற்றமா, ஆட்டத்தின் ஒரு பகுதியா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. வாக்கெடுப்பு நடந்தது. காவல் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்குள் கொலையும் களவும் இயலாதபடியும், ஊருக்கு வெளியே இயலும்படியும் நடத்துநர்கள் விதியை மாற்றினார்கள்.

புதையல் தீவு சாதிக்காததை இந்தச் சச்சரவு சாதித்தது. அடுத்த நாள் என்ன ஆகும் என்பது எவருக்கும் தெரியாது. அது தாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

உறுப்பினர்களை ஃபார்மர் ஐந்து வகையாகப் பிரித்தார். வந்து வேடிக்கை பார்த்துப் போகிறவர்கள், முனைப்போடு ஆடுகிறவர்கள், பிறரைக் கிளப்பிவிடுகிறவர்கள், புதியவர்களைப் பேணுகிறவர்கள், கடைசியாக இயந்திரத்தையே இயக்கும் கணினித் தெய்வங்கள். முதல் வகையினர் மக்கள் தொகையில் நான்கில் மூன்று பங்கு, ஆனால் இணைப்பு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறார்கள் என்பது அவருடைய உத்தேச மதிப்பீடு. ஹேபிடாட்டின் உண்மையான நாயகர்கள் மூன்றாம் வகையினர் என்றார். விருந்து வைப்பவர், கடை திறப்பவர், தேர்தலில் நிற்பவர், கொள்ளைக்காரராகப் பெயரெடுப்பவர் எல்லாரும் அவர்களே. ஓர் உலகு தேய்வதை உறுப்பினர் எண்ணிக்கையில் தேடுபவர் தாமதமாகவே அறிவார். மூன்றாம் வகையினரில் நாலு பேர் சோர்ந்துபோய் விலகும்போது எண்ணிக்கையில் அது தெரியாது. விளைவு மட்டும் சில மாதங்கள் கழித்துத் தெரியும்.

*

ஏன் தேய்கிறது என்பதை முறைப்படி ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ராய் ட்ரப்ஷா 1978-இல் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுச் செல்கையில் அது பார்ட்டிலின் கைக்கு வந்தது. படம் கிடையாது, முழுக்க எழுத்து. ‘வடக்கே போ’ என்று தட்டினால் வடக்கே இருக்கும் இடத்தின் வருணனை திரையில் வரும். பலர் கூடி ஆடும் இணைய உலகுகளின் மூதாதை இதுவே.

1996-இல் வெளியான கட்டுரையில் பார்ட்டில் ஆடுவோரை நால்வகையாகப் பகுத்தார். வெற்றிகளைச் சேர்ப்பவர், உலகைத் துருவி ஆராய்பவர், பழகிப் பேச வருபவர், பிறரைத் துன்புறுத்தி இன்புறுபவர். இப்பகுப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் இரண்டாம் பாதியைத்தான் பலரும் படிப்பதில்லை. இந்த நால்வரின் எண்ணிக்கையும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. துன்புறுத்துபவர் பெருகினால் பழக வருபவர் விரைவில் அகல்வார். பழக வருபவர் குறைந்தால், அந்தக் குறைவே மேலும் பலரை வெளியேற்றும். பேச ஆளில்லாத இடத்துக்கு எவர் வருவார்? துருவி ஆராய்பவர் அதிகம் பேசுவதில்லை, ஆனால் உலகின் சூட்சுமங்களை அறிந்தவர் என்பதால் துன்புறுத்துபவரை அவரால் அடக்க முடியும்.

இதன்படி பார்த்தால், ‘எல்லாரையும் கவர்வது’ என்ற திட்டமே பொருளற்றது. யாரைக் கூட்டி வருகிறோம் என்பது யாரை விரட்டுகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

இதை மறந்ததன் விளைவைப் பேரளவில் காட்டியது ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’. 2003-இல் தொடங்கப்பட்ட இந்த விளையாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. போர்வீரன் ஆகலாம். விலங்கு பழக்குபவன் ஆகலாம். மருத்துவராகவோ கட்டடக் கலைஞராகவோ கடை நடத்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஆடற்கலைஞர் தொழில். போரில் அலுத்துவரும் வீரனுக்கு ஒருவகைக் களைப்பு ஏறும். அதை மருந்தால் போக்க முடியாது. ஊருக்குள் வந்து மதுக்கூடத்தில் உட்கார்ந்து, அங்கே ஆடும் அல்லது இசைக்கும் இன்னொரு ஆட்டக்காரரைப் பார்த்திருந்தால்தான் தீரும். ஆகவே வீரர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கையில் பேசினார்கள். நட்பும் வணிகமும் வம்பும் அங்கேதான் பிறந்தன. ஒருவரின்றி மற்றவருக்கு முடியாது என்ற நிலையை எவ்வளவு எளிய விதியால் உண்டாக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வெளியாகிப் பல இலட்சம் பேரை ஈர்த்தபோது, கேலக்ஸீஸ் நடத்தியவர்கள் கலங்கினார்கள். புதியவர்களைக் கவர வேண்டும், இது கடினமாக இருக்கிறது, எளிமையாக்குவோம் என்று 2005 நவம்பரில் விளையாட்டின் அடிப்படையையே மாற்றினார்கள். முப்பது சொச்சம் தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. விலங்கு பழக்குபவர் தொழில் அறவே போயிற்று. பல மாத முயற்சிக்குப் பிறகு மிகச் சிலரே எட்டிய ஜெடை நிலையை, முதல் நாள் வருபவரும் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. சில நாட்களுக்கு முன்புதான் காசு கொடுத்துப் புதிய இணைப்புப் பகுதியை வாங்கியவர்கள் கொதித்தெழ, பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. பழையவர்கள் திரளாக வெளியேறினார்கள். எதிர்பார்த்த அளவில் புதியவர்கள் வரவில்லை. 2011 டிசம்பர் 15-ஆம் தேதி அது மூடப்பட்டது.

இதில் வில்லன் யாருமில்லை என்றே நினைக்கிறேன். தேய்கிறது என்று கண்டவர்கள் வாசலை அகலமாக்க முனைந்தார்கள். அகலமாக்குவதற்காக இடித்த சுவர்தான் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

*

அப்படியானால் ஊரை ஊராரிடமே ஒப்படைத்துவிட்டால் போதுமா? இந்த எண்ணம் கேட்க இனிமையாக இருக்கும். லாம்டாமூவின் கதை நம்மை நிதானிக்க வைக்கிறது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கிய எழுத்துலகு அது. தம் சொந்த வீட்டின் அமைப்பையே அதன் மையமாக வைத்தார். புதிதாக வருபவர் ஒரு கோட்டு அலமாரிக்குள்தான் கண் விழிப்பார். உறுப்பினர் எவரும் நிரல் எழுதிப் புதிய அறைகளையும் பொருள்களையும் படைக்கலாம். மக்கள் பெருகினார்கள், வழக்குகளும் பெருகின. தினந்தோறும் பஞ்சாயத்துச் செய்து அலுத்த கர்ட்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ‘மந்திரவாதிகள்’ எனப்படும் நிர்வாகிகள் இனி தொழில்நுட்பப் பணியை மட்டும் பார்ப்பார்கள். சமூகத் தகராறுகளை உறுப்பினர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. 1993-இல் ஓர் உறுப்பினர் நிரல் ஒன்றின் துணையால் மற்றவர்களின் பாத்திரங்களைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து, எல்லார் முன்னிலையிலும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதுபோன்ற வருணனைகளைத் திரையில் ஓடவிட்டார். எழுத்துத்தானே என்று சொல்லிவிடலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. ஊர் கூடிப் பேசியது, முடிவு எட்டப்படவில்லை. இறுதியில் நிர்வாகிகளில் ஒருவர் தாமாகவே அந்த உறுப்பினரை நீக்கினார். ஜூலியன் டிபெல் அவ்வாண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை இந்நிகழ்வை உலகறியச் செய்தது.

அதன்பின் கர்ட்டிஸ் விண்ணப்பமும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். உறுப்பினர்கள் சட்டம் இயற்றலாம். நடுவர்கள் வழக்கைக் கேட்கலாம். சில காலம் அது உற்சாகமாக நடந்தது. நாளடைவில் ஆடுவதற்கென வந்தவர்கள் வாதிடுவதிலேயே பொழுதைக் கழித்தார்கள். 1996 மே மாதம் நிர்வாகிகள் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டார்கள்: தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம், இனி நாங்களும் தலையிடுவோம். மூன்றரை ஆண்டுகள் நீடித்த சுயாட்சி பெருமளவில் முடிவுக்கு வந்தது.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. கர்ட்டிஸ் ஒப்படைத்தது வேலையை அல்ல, வழக்குகளை. ஹேபிடாட்டின் பத்திரிகைக்காரருக்குக் கிடைத்தது ஒரு காரியம். லாம்டாமூவின் உறுப்பினருக்குக் கிடைத்தது ஒரு நீதிமன்றம். பொறுப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிடுகிறோம். ஆனால் முதலாவது ஆளைச் சேர்த்தது, இரண்டாவது அலுக்க வைத்தது.

அளவாக ஒப்படைத்து வென்ற உதாரணமும் உண்டு. ‘ரூன்ஸ்கேப்’ என்ற விளையாட்டை நடத்தும் ஜேஜெக்ஸ் நிறுவனம், ஆண்டுக்கணக்கில் செய்த மாற்றங்களால் பழைய ஆட்டக்காரர்கள் மனம் கசந்திருந்த நிலையில், 2007 ஆகஸ்டில் சேமித்து வைத்திருந்த பிரதி ஒன்றை மீண்டும் திறக்கலாமா என்று 2013-இல் வாக்குக் கேட்டது. ஏறத்தாழ 4,50,000 வாக்குகள் விழுந்தன. திறந்தார்கள். திறந்ததோடு நிற்காமல், இனிச் சேர்க்கும் ஒவ்வொரு புதிய அம்சத்துக்கும் வாக்களிக்கும் உறுப்பினரில் 75 விழுக்காட்டினர் இசைய வேண்டும் என்று விதித்தார்கள். (2022-இல் அது 70 ஆகக் குறைக்கப்பட்டது.) வழக்கு விசாரணை இல்லை, ‘இது வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்வி மட்டும். பழைய பிரதி புதியதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

*

என் மாணவரின் ஊருக்கு வருகிறேன். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2004 ஏப்ரலில் தொடங்கியது. வருபவர் தமக்கென ஒரு மீநாயகரை உருவாக்கிக்கொள்வார். உடை, நிறம், பெயர், பூர்வகதை எல்லாம் அவர் கைவண்ணம். 2012 ஆகஸ்ட் 31 அன்று, ஆண்டிறுதிக்குள் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோர் விளையாட்டுக்குள்ளேயே நகர மண்டபத்தின் முன் கூடி, தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். விண்ணப்பத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். பயனில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2019 ஏப்ரலில் ஒரு செய்தி வெடித்தது. சிலர் அந்த விளையாட்டின் மூல நிரலைப் பெற்று, அழைப்பு உள்ளவர்கள் மட்டும் நுழையக்கூடிய இரகசிய வழங்கி ஒன்றில் அதை ஆண்டுக்கணக்கில் இயக்கிவந்திருக்கிறார்கள். மகிழ்ச்சி வருவதற்கு முன்பே கோபம் வந்தது. ‘நாங்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தீர்களா’ என்ற கோபம். மறைத்திராவிட்டால் சட்ட நடவடிக்கையில் எல்லாமே அழிந்திருக்கும் என்பது மறைத்தவர்கள் தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் இதன் சங்கடம். நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. பல வழங்கிகள் முளைத்தன. அவற்றுள் ‘ஹோம்கமிங்’ எனப்பட்ட குழுவுக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே முறைப்படி அனுமதி வழங்கியது. தன்னார்வலர்களால், நன்கொடையால் நடப்பது.

செய்தி வெளிவந்த வாரத்தில் என் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய பாத்திரத்தின் பெயரையே மீண்டும் பதிந்துகொள்ள முடிந்தது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

*

மீட்பு என்றால் வழங்கியை மீட்பதா, மக்களை மீட்பதா? இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரை மிக விரிவான விடை ‘ஊரு’ என்ற விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது. பெயர் தற்செயல் ஒற்றுமைதான். தமிழ் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. என்றாலும் இக்கதையில் அப்பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சொல்லே நினைவுக்கு வருகிறது.

‘மிஸ்ட்’ என்ற புகழ்பெற்ற புதிர் விளையாட்டை 1993-இல் வெளியிட்ட சயான் நிறுவனம், அதே உலகைப் பலர் கூடி ஆடும்படி விரித்துக் கட்டியதே ‘ஊரு’. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில், ட்னீ என்ற மறைந்த இனத்தார் கைவிட்ட மாநகரம். அவர்கள் உலகங்களை எழுத்தில் படைத்தார்கள். நூலைத் திறந்து பக்கத்திலுள்ள படத்தைத் தொட்டால் அந்த உலகில் போய் நிற்கலாம். போர் இல்லை. மதிப்பெண் இல்லை. சேர்ந்து சுற்றலாம், புதிர்களை ஆராயலாம், பேசலாம். 2003 நவம்பரில் விளையாட்டு விற்பனைக்கு வந்தது; கூடி ஆடும் பகுதி முன்னோட்ட அளவில் இயங்கியது. எதிர்பார்த்த ஆட்கள் சேரவில்லை என்று 2004 பிப்ரவரியிலேயே அதை மூடிவிட்டார்கள்.

இந்த மக்களோடு பழகி ஆய்வு செய்த சீலியா பியர்ஸ் 2009-இல் ‘கம்யூனிட்டீஸ் ஆஃப் ப்ளே’ என்ற நூலை வெளியிட்டார். அவர் ஆராய்ந்த குழுவில் நடுவயதினர் பலர். ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சரிபாதி. கடைசி இரவில் அவர்கள் தங்கள் வழக்கமான இடத்தில் கூடினார்கள். நேரம் வந்ததும் திரை உறைந்தது. இணைய இணைப்பில் ஏதோ கோளாறு என்று ஓர் அறிவிப்பு. கீழே ‘ஓகே’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தத் தமக்கு மனம் வரவில்லை என்று ஓர் உறுப்பினர் பின்னர் பியர்ஸிடம் சொன்னார். நடந்தது எதுவும் ‘ஓகே’ அல்ல என்பதே அவர் சொன்ன காரணம்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் வியப்பு. குழுவாகவே இடம் பெயர்ந்தார்கள். ‘அங்கே’ என்று பொருள்படும் பெயர் கொண்ட தேர்.காம் என்ற வேறோர் இணைய உலகில் நூற்றுக்கணக்கானோர் குடியேறினார்கள். வேறு சிலர் ‘செகண்ட் லைஃப்’ சென்றார்கள். தங்களை அகதிகள் என்றே அழைத்துக்கொண்டார்கள். புது ஊரில் வரவேற்பு சுமுகமாக இல்லை. இவர்கள் கூட்டமாக ஓரிடத்தில் குவிந்ததால் வழங்கி திணறியது. அங்கிருந்த பழைய குடிகள் எரிச்சலுற்றார்கள். சிலர் துன்புறுத்தவும் செய்தார்கள். பலமுறை இருப்பிடம் மாற்ற வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல, இழந்த நகரத்தின் கூறுகளை நினைவிலிருந்து புது மண்ணில் வடிக்கத் தொடங்கினார்கள். பிறர் படைத்ததை ஆடிக்கொண்டிருந்தவர்கள் தாமே படைப்பவர்களானார்கள். பார்க்கப்போனால், முதல் ஊரில் அவர்களுக்குக் கைவேலை என்று எதுவும் இருக்கவில்லை. இழந்த பிறகுதான் அது கிடைத்தது.

இதற்கிடையே 2004-லேயே சயான் ஒரு நல்ல காரியம் செய்தது. புதிய உள்ளடக்கம் எதுவும் வராது என்ற நிபந்தனையோடு, ரசிகர்கள் தாங்களே வழங்கிகளை இயக்கிக்கொள்ள மென்பொருளைத் தந்தது. வளராத ஊர், ஆனாலும் மக்கள் போனார்கள். அந்த நடமாட்டம் இருந்ததால்தான் கேம்டாப் என்ற நிறுவனம் துணிந்து 2007 பிப்ரவரியில் ‘ஊரு’வை வணிக முறையில் மீண்டும் திறந்தது என்று நினைக்க இடமுண்டு. ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்தது. 2008 ஏப்ரலில் மறுபடியும் மூடினார்கள். இரண்டாம் மரணம் முதலாவதைப்போல அவர்களைச் சிதறடிக்கவில்லை. எங்கே சந்திப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2010 பிப்ரவரியில் சயான், உரிமையைத் திரும்பப் பெற்று, கட்டணமின்றி, நன்கொடையை நம்பி மூன்றாம் முறையாகத் திறந்தது. 2011-இல் நிரலைத் திறமூலமாக்கியது. ரசிகர்கள் பிழை திருத்தினார்கள். பின்னாளில் அவர்கள் உருவாக்கிய புதிய உலகங்களும் அதிகாரபூர்வ நகரில் சேர்க்கப்பட்டன. எழுதத் தெரிந்தவர் உலகம் படைப்பார் என்பது கதையில் ட்னீ இனத்தாருக்கு உரிய கலை. அது வாசகர்கள் கைக்கே வந்து சேர்ந்தது.

அகதிகளுக்கு இடம் கொடுத்த தேர்.காம் 2010 மார்ச் மாதம், நட்டத்தைத் தாங்க முடியாமல் கதவை அடைத்தது. ‘ஊரு’ மீண்டும் திறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 2012-இல், தேர்.காமும் திறந்தது.